இரண்டு கிளாஸ், நாலு ஸ்பூன்

ஜிகர்தண்டாவைக் கையில் வாங்கியவுடன் கலக்கிவிடாதீர்கள். மதுரைக்கு வருகிற உறவுக்காரர்களிடம் எல்லாம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

விளக்குத்தூண் பக்கம் ஒரு கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்று, கிளாஸ் எப்படி நிரம்புகிறது என்று பாருங்கள். அடியில் ஊறிய பாதாம் பிசின் அல்லது கடல்பாசி ஒரு கரண்டி விழும். அதன்மேல் செம்பழுப்பாக நன்னாரி சர்பத். பிறகு சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து, குளிரவைத்த பால். அது வெள்ளையாக இருக்காது. அடுப்பில் கிடந்த நேரமெல்லாம் நிறமாக ஏறியிருக்கும். ஸ்பெஷல் என்று கேட்டால் ஆடை ஆடையாகப் பாசந்தி ஒரு கரண்டி சேரும். உச்சியில் ஐஸ்கிரீம் ஓர் உருண்டை. இத்தனையையும் கடைக்காரர் அரை நிமிடத்தில் செய்து முடித்துவிடுவார். பிசின் தன் பங்குக்கு இரவெல்லாம் ஊறியிருக்கிறது. பால் மணிக்கணக்கில் காய்ந்திருக்கிறது. அதை வாங்கிய வேகத்தில் சோடா கலக்குவதுபோல் கலக்கிவிட்டால் மிஞ்சுவது இனிப்பான குளிர்ந்த பால்தான்.

ஸ்பூனை ஓரமாக அடிவரைக்கும் இறக்கி மேலே கொண்டுவாருங்கள். ஒரே வாயில் வழுக்கும் பிசின், நன்னாரி வாசனை, பாலின் கனம், ஐஸ்கிரீமின் சில்லிப்பு எல்லாம் வரிசையாக வரும். அடுத்த வாய் வேறு மாதிரி இருக்கும். கிளாஸ் தீரும்வரை ஒவ்வொரு வாயும் வேறுதான்.

நாங்கள் நாலு பேர். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இப்போது ஐம்பதை நெருங்குகிறோம். மகா பள்ளியில் உயிரியல் டீச்சர். செல்வி ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறாள். பாத்திமா தையல் கடை வைத்திருக்கிறாள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் எங்களுடையது. பிள்ளைகளின் பரீட்சை, மாமியாரின் ஆஸ்பத்திரி, கல்யாண வீடு என்று எத்தனையோ மாதம் தள்ளிப்போயிருக்கிறது, நின்றுபோனதில்லை. அன்றைக்கு இனிப்பு சாப்பிடுவது மட்டும்தான் வேலை. பதினோரு வருடமாக அப்படிச் சுற்றியதில் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதல் வருடம் நாங்கள் செய்த தப்பு, ஒரே நாளில் எல்லாவற்றையும் சாப்பிடப் பார்த்தது. அல்வா, பால் பன், பருத்திப்பால், ஜாங்கிரி, கடைசியாக ஜிகர்தண்டா. மூன்றாவதிலேயே நாக்கு செத்துவிட்டது. ஜாங்கிரியில் பாதியைப் பேப்பரில் சுற்றிப் பைக்குள் போட்டேன். ஜீரா கசிந்து பையும் பாழ், ஜாங்கிரியும் பாழ். ஒரே சுவையைத் தொடர்ந்து கொடுத்தால் நாக்கு அதைக் கவனிப்பதை விட்டுவிடும், வயிறு நிறைவது அப்புறம்தான் என்று மகா விளக்கினாள். அதனால்தான் நம் பெரியவர்கள் இனிப்புத் தட்டில் ஒரு கைப்பிடி காரமும் வைத்தார்கள். அல்வாவுக்குப் பிறகு நாலு காராச்சேவைக் கடித்துவிட்டு மறுபடி அல்வாவுக்குத் திரும்பிப் பாருங்கள், முதல் வாய்போலவே இருக்கும். அன்றிலிருந்து ஒரு சாயங்காலத்துக்கு இரண்டே இரண்டு இனிப்பு என்று முடிவு செய்துகொண்டோம். மூன்றாவதின்மேல் ஆசை வந்தால் அது அடுத்த மாதத்துக்கு.

இரண்டில் எது முதலில் என்பதும் முக்கியம். சூடானது முதலில், குளிர்ந்தது கடைசியில். இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். வெயிலில் வந்த தாகத்துக்கு ஜிகர்தண்டாவைக் குடித்துவிட்டு நேராக அல்வாக் கடைக்குப் போகிறார்கள். குளிர்ச்சியில் மரத்த வாய்க்குள் நெய் போனால் உறைந்து அண்ணத்தில் பூசிக்கொள்ளும்; அல்வாவின் ருசியே தெரியாது. தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். ஜிகர்தண்டா தாகத்துக்கு ஆகாது, அது சாப்பாட்டுக்குச் சமமான கனம்.

ஆகவே நாங்கள் ரயில் நிலையம் பக்கத்தில் ஆரம்பிப்போம். பிரேம விலாஸ் முன்னால் மாலையில் எப்போதும் கூட்டம் இருக்கும். சுடச்சுட அல்வாவை வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுகிற கூட்டம் அது. கோதுமை அல்வாவின் உயிர் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. கோதுமையை ஊறப்போட்டு, அரைத்து, பால் பிழிந்து, தெளியவைத்து, மேலே நிற்கும் நீரை வடித்துவிட்டுச் சர்க்கரைப் பாகோடு சேர்த்து, நெய்யை ஊற்றி ஊற்றிக் கிண்டி எடுக்கிற பண்டம். சட்டியில் ஒட்டாமல் சுருண்டு, குடித்த நெய்யைத் திரும்பக் கக்கும்போதுதான் இறக்குவார்கள். அந்தச் சூட்டோடு சாப்பிட்டால் மெல்ல வேண்டியதே இல்லை, வழுக்கிக்கொண்டு போகும். ஆறிவிட்டால் அதே அல்வாவை மெல்ல வேண்டியிருக்கும். நெய்யும் தனியாக நிற்கும். ஊருக்கு வாங்கிப் போகிறவர்கள் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். நாலைந்து நாள் வெளியிலேயே தாங்கும். சாப்பிடும் முன்னால் ஒரு கிண்ணத்தில் போட்டு, அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் பத்து நிமிடம் வையுங்கள். பாதி உயிராவது திரும்பும்.

நூறு கிராம் வாங்கினால் இரண்டு பேருக்குத் தாராளம். நாலு பேருக்கு இருநூறு வாங்கி, முதல் ஆறேழு மாதம் நாங்களும் மிச்சம் வைத்தோம். இப்போது நூற்றைம்பதுதான். கடைசி வாய்க்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம், அதுதான் சரியான அளவு.

அங்கிருந்து விளக்குத்தூணுக்கு ஆட்டோ பிடிக்க மாட்டோம். டவுன்ஹால் ரோட்டில் இறங்கி, மாசி வீதிகளில் நடந்தே போவோம். ஜன்னல் ஜன்னலாகச் சேலை பார்த்துக்கொண்டு, பூ வாங்கிக்கொண்டு நடந்தால் அரை மணி நேரம் ஆகும். வயிற்றுக்கு அந்த நடை வேண்டும். சாப்பிட்டவுடன் நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறையும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். நமக்கு ஊர் பார்த்ததும் ஆச்சு. விளக்குத்தூண் என்பது வெறும் பஸ் ஸ்டாப் பெயர் இல்லை. 1840களில் மதுரைக் கோட்டையின் மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக வைத்த விளக்குக் கம்பம் அது. அந்த வேலையில் இருந்த இரண்டு பேரின் பெயர்தான் மாரட் வீதிக்கும் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும் வந்தது. கலெக்டரும் சர்வேயரும் மேஸ்திரியும் ஒரே ஊரில் தெருவாகவும் தூணாகவும் நிற்கிறார்கள். அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஏனோ மனசு நிறைந்துபோகும்.

விளக்குத்தூணுக்கு வந்ததும் இரண்டு கிளாஸ், நாலு ஸ்பூன். எங்கள் கணக்கு இதுதான். ஒரு கிளாஸ் சாதா, ஒன்று ஸ்பெஷல். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது ஏறக்குறைய 50 கிராம். முடிந்தால் அதிலும் பாதிதான் நல்லது என்கிறது, அதாவது ஆறு டீஸ்பூன். அல்வாவும் சாப்பிட்டு முழு கிளாஸும் குடித்தால் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? பங்கு போட்டால் ருசியும் குறைவதில்லை. எப்படிப் பார்த்தாலும் முதல் ஏழெட்டு ஸ்பூன்தான் ஜிகர்தண்டா. அதற்குமேல் பழக்கத்தில் சாப்பிடுவதுதான்.

சாப்பிடும்போது பேச்சை நிறுத்துங்கள். இதைச் சொன்னால் தோழிகளே முதலில் சிரித்தார்கள். ஆனால் ஐஸ்கிரீம் உருகுகிற நேரத்துக்குக் கதை பேசினால் நஷ்டம் நமக்குத்தான். குளிர்ந்த பண்டத்தில் இனிப்பு நாக்குக்குக் குறைவாகத் தெரியும். அதனால் ஐஸ்கிரீமில் சர்க்கரை கூடவே போட்டிருப்பார்கள். உருகிச் சூடு ஏறினால் அதே சர்க்கரை முழுசாகத் தெரியும், திகட்டும். ‘கடைசியில ஒரே தித்திப்பா இருந்துச்சு’ என்று குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் கிளாஸை வைத்துக்கொண்டு அரட்டை அடித்தவர்கள். பத்து நிமிடம் வாய் பேசாமல் சாப்பிடுங்கள். பேச ராத்திரி முழுக்க இருக்கிறது, ஊரே தூங்கா நகரம்.

பாதாம் பிசினும் கடல்பாசியும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு. நானும் கல்யாணமாகிப் பல வருடம்வரை அப்படித்தான் நினைத்தேன். பிசின் மரத்தின் பட்டையில் கசிந்து இறுகுவது. பார்க்கக் கற்கண்டுக் கட்டிபோல் இருக்கும், தண்ணீரில் போட்டு ராத்திரி வைத்தால் காலையில் பாத்திரம் நிரம்ப உப்பிக் கிடக்கும். அடுப்பே வேண்டாம். கடல்பாசி மன்னார் வளைகுடாவில் விளைவது. ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்துப் பெண்கள் கடலுக்குள் மூழ்கிக் கையால் பறித்து வருகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து எடுக்கிற அகர் அகர்தான் கடையில் சைனா கிராஸ் என்று விற்பது. அதைக் கொதிக்கவைத்துத்தான் கரைக்க வேண்டும், ஆறினால் தானே இறுகும். பிசின் வழுக்கும்; பாசி துண்டு துண்டாக வெடுக்கென்று கடிபடும். வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் பிசினை ஒரு டீஸ்பூனுக்குமேல் போடாதீர்கள். நான் முதல் தடவை ஒரு கைப்பிடி ஊறப்போட்டுவிட்டு, இரண்டு நாள் தெருவுக்கே கொடுத்தேன்.

ஜிகர் என்றால் ஈரல், தண்டா என்றால் குளிர்ச்சி. நாம் வயிறு குளிர்ந்தது என்று சொல்வதைத்தான் ஈரல் குளிர்ந்தது என்று பெயராக வைத்திருக்கிறார்கள். பாத்திமாதான் இதை எங்களுக்குச் சொன்னவள்.

கடை தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஒரு கசப்பான பாடம் உண்டு. ஒரு சித்திரை மாதம், திருவிழாக் கூட்டத்தில் எங்கள் வழக்கமான கடைக்குள் நுழைய முடியவில்லை. பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ஓர் இனிப்பகத்தில் உட்கார்ந்தோம். ஏசி, கண்ணாடி மேசை, படம் போட்ட மெனு எல்லாம் இருந்தது. ஃபலூடா வாங்கினோம். ஐஸ்கிரீமில் நறநறவென்று ஐஸ் கட்டி கடிபட்டது. செல்வி ‘ஏதோ மணம் சரியில்லடி’ என்றாள். காசு கொடுத்தாயிற்றே என்று நான்தான் அவளையும் சாப்பிட வைத்தேன். அன்று ராத்திரி மூன்று பேருக்கு வயிறு கெட்டது. செல்விக்கு டிரிப்ஸ் ஏற்றும்வரை போய்விட்டது. இன்றுவரை அது எனக்கு உறுத்தல். ஐஸ்கிரீமில் அப்படி ஐஸ் கடிபட்டால், அது ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது என்று சந்தேகப்பட வேண்டும். உறையவைத்தால் கிருமி சாவதில்லை, தூங்கும், உருகினால் விழிக்கும். பால் பண்டத்தில் மணம் தப்பினால் அந்த ஸ்பூனோடு நிறுத்திவிடுங்கள். கொடுத்த காசு போகட்டும். கடை பெரிதா, அழகா என்று பார்க்காதீர்கள். சரக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். பாத்திரம் மணிக்கு ஒருமுறை காலியாகி மாறுகிற கடையில் பழசு நிற்க இடமில்லை.

இன்னொரு சின்ன விஷயம். இனிப்புக்கு மேல் காபி குடிக்காதீர்கள். இனிப்பில் ஊறிய நாக்குக்குக் காபியில் போட்ட சர்க்கரை தெரியாது, கசப்பு மட்டும் நிற்கும், இன்னும் ஒரு ஸ்பூன் போடச் சொல்வீர்கள். காபி வேண்டுமானால் இனிப்புக்கு முன்னால். குளிர்காலத்தில் நாங்கள் ஜிகர்தண்டாவையே விட்டுவிட்டுத் தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடிப்போம். பருத்திக் கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, அரிசி மாவும் கருப்பட்டியோ வெல்லமோ சுக்கும் ஏலமும் போட்டுக் காய்ச்சியது. மேலே தேங்காய்ப்பூ தூவித் தருவார்கள். மார்கழிச் சளிக்கு அதைவிட இதமானது எதுவும் எனக்குத் தெரியாது.

நாக்கைப் பற்றி நான் உண்மையாகப் புரிந்துகொண்டது மகா கொண்டுவந்த ஒரு இலையால்தான். அவள் அம்மா ஊர் அழகர்கோவில் பக்கம். ஒரு தடவை ஊருக்குப் போய்விட்டு வந்தவள் பொட்டலத்தில் நாலு சிறுகுறிஞ்சான் இலை வைத்திருந்தாள். சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். ‘அல்வாவுக்கு முன்னாடி இதை மென்னு துப்புங்கடி’ என்றாள். பச்சைக் கசப்பு. வாயைக் கொப்பளித்துவிட்டு அல்வாவை வாயில் போட்டேன். சூடு தெரிகிறது, நெய் தெரிகிறது, ஏலக்காய் வாசனைகூடத் தெரிகிறது. இனிப்பு மட்டும் இல்லை. வெறும் மாவை நெய்யில் பிசைந்து தின்பதுபோல் இருந்தது. சர்க்கரையை அப்படியே நாக்கில் வைத்தோம், மணல். காராச்சேவின் உப்பும் காரமும் எப்போதும்போல். நாக்கில் இனிப்பை உணர்கிற இடத்தை மட்டும் அந்த இலை அரை மணி நேரத்துக்கு மேல் அடைத்துவிடுகிறது. அன்றைக்குத்தான் ஒரு இனிப்பில் இனிப்பைத் தவிர எவ்வளவு இருக்கிறது என்று முதல் தடவையாகத் தெரிந்தது. அதற்கப்புறம் நான் அல்வா சாப்பிடுகிற விதமே மாறிவிட்டது; நெய்யின் மணத்துக்கும் பதத்துக்கும் கவனம் போகிறது, கொஞ்சத்திலேயே நிறைகிறது. ஒருமுறை செய்து பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் அந்த இலையை மருந்தாகச் சாப்பிடக் கூடாது.

பாத்திமாவுக்கு நாலு வருடத்துக்கு முன்னால் சர்க்கரை நோய் வந்தது. அந்த மாதம் நாங்கள் அவளைக் கூப்பிடவில்லை. அடுத்த மாதமும் கூப்பிடவில்லை. அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது, பாவம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். மூன்றாவது மாதம் யாரோ சொல்லித் தெரிந்து, என் வீட்டுக்கு வந்துவிட்டாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

“எனக்கு எது ஒத்துக்கும், எது ஒத்துக்காதுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க ஏன்டி என் பேரைச் சொல்லி ஒளிச்சு ஒளிச்சுத் திங்கிறீங்க?”

என்னிடம் பதில் இல்லை. அந்த இரண்டாவது சனிக்கிழமை அவள்தான் முதலில் வந்து நின்றாள். காசும் அவளே கொடுத்தாள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். அன்று மத்தியானம் சோற்றைக் குறைத்திருந்தாள். அல்வாவைத் தொடவில்லை, ஒரு கைப்பிடி காராச்சேவை எடுத்துக்கொண்டு எங்களோடு நின்றாள். ஜிகர்தண்டாவில் சர்பத் ஊற்றும் முன்னால் ஒரு சின்னக் கிண்ணத்தில் பிசினும் பாலும் மட்டும் கேட்டு வாங்கினாள். அந்தக் கடைக்காரப் பையன் மறுபேச்சு இல்லாமல் போட்டுக் கொடுத்தான். பாலில் ஏற்கெனவே இனிப்பு உண்டு என்று தெரிந்தே இரண்டு ஸ்பூன் சாப்பிட்டாள், கிண்ணத்தைச் செல்வி பக்கம் தள்ளினாள். அவ்வளவுதான். கருப்பட்டி போட்ட பருத்திப்பால் சர்க்கரைக்காரர்களுக்கு ஆகும் என்று நான் ஒருமுறை சொன்னபோது அவள்தான் திருத்தினாள்: கருப்பட்டியானாலும் நாட்டுச் சர்க்கரையானாலும் ரத்தத்துக்குப் போனால் சர்க்கரைதான்.

அன்றிலிருந்து இன்றுவரை அவள் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. நடக்கும்போது எங்களைவிட முன்னால் போகிறாள். உங்கள் கூட்டத்திலும் நோய் வந்ததென்று ஒருத்தியைச் சொல்லாமல் விட்டுவிட்டுப் போயிருந்தால், இந்த வாரமே போன் பண்ணி வரச் சொல்லுங்கள். என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவளே பார்த்துக்கொள்வாள்.